சிவகாமி மதினியின் நடுமேடு

சிவகாமி மதினி இறந்த செய்தி எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் வயலில் வேலை செய்யும் வள்ளியக்கா நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வள்ளியக்கா பள்ளிக்கூடத்துப் பக்கம் வருகிறவர் அல்ல. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, என் நோட்டைத் தாமே எடுத்துப் பையில் வைத்தார்.

"வா தாயி, வீட்டுக்குப் போவோம்" என்றார் வள்ளியக்கா.

"மதினி ஆஸ்பத்திரியிலேருந்து வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க" என்றார். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் சொன்னது பொய் இல்லை. வாசலில் வண்டி நின்றது. மாடுகளை அவிழ்த்திருந்தார்கள். மதினி வந்துதான் இருந்தார்.

மதினியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆற்றுக்கு அக்கரையில் அவர் பிறந்த ஊர்க்காரர்கள், அவரோடு கடலை பறித்த பெண்கள், எல்லாரையும்விட என் அண்ணன். மதினியின் புருஷனான அவர் பினாங்கில் ஒரு கடையில் வேலையாக இருக்கிறார். சண்டை அந்தப் பக்கம் போனதிலிருந்து அவரிடமிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. தன் பெண்சாதி காய்ச்சலில் போய்விட்டதும் அவருக்குத் தெரியாது. கொள்ளி வைத்தது பங்காளி வீட்டு ஆள். எனக்கு அழத் தெரிந்த அளவுக்கு எழுதத் தெரியாது. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமினால் நிறுத்திவிடுகிறேன்.

மதினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீதனமாக வந்தது வெள்ளாற்றுக்கு இக்கரையில் உள்ள நடுமேடு. அந்த இடம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு பழைய காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிப் போனபோது கரைகளைப் படிப்படியாக விட்டுச் சென்றிருக்கிறது. கீழ்ப்படி வெறும் மணல். மேல்படி செம்பொறை என்கிற இறுகிய செம்மண், எங்கள் பூர்வீக நிலமெல்லாம் அதுதான். இரண்டுக்கும் நடுவில், வெள்ளம் எட்டாத உயரத்தில், தட்டையாக இருப்பது நடுமேடு. அந்த மண் களியும் இல்லை, மணலும் இல்லை. இரண்டும் வண்டலோடு சேர்ந்து பழுப்பாக, கையில் பிடித்தால் பிடியாகி, விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இருமண் என்பார்கள்.

மதினி வந்த வருஷம் ஐப்பசியில் பெரிய மழை. மறுநாள் காலையில் நானும் மதினியும் புல் அறுக்கப் போனோம். எங்கள் மேட்டு நிலத்தைத் தாண்டுவதற்குள் காலில் சேறு அப்பிக் கட்டை கட்டினாற்போல் ஆகிவிட்டது. வரப்பை ஒட்டித் தண்ணீர் நின்றது. நடுமேட்டில் இறங்கினால், நேற்று அங்கே மழை பெய்ததா என்றே சந்தேகம். தண்ணீர் எங்கும் நிற்கவில்லை. ஆனால் மதினி ஒரு விரலை மண்ணில் விட்டு எடுத்தபோது நுனிவரை ஈரம்.

"இங்க பாரு தங்கம், எங்க மண்ணு குடிக்கும், ஆனா வெறி புடிக்காது. வேணுங்கிறத வச்சுக்கிட்டு மிச்சத்த ஆத்துக்கு அனுப்பிரும்" என்றார்.

கடலை பறிக்கும்போது அவர் வாய் இன்னும் பெரிதாகிவிடும். மேட்டு நிலத்தில் ஈரம் காய்ந்துவிட்டால் செடி கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். பிறகு கொத்திக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். நடுமேட்டில் செடியைப் பிடித்து இழுத்தால் கொலுசு மாதிரி காய்களோடு வந்துவிடும். ஒருமுறை எல்லாரும் பறித்துக்கொண்டிருக்கும்போது மதினி சொன்னார்: "மேட்டு மண்ணு மாமியா மாதிரி. வாங்குனதத் திருப்பிக் குடுக்காது."

பின்னால் என் ஆத்தா நிற்பதை அவர் பார்க்கவில்லை. "அப்ப நான் யாருடி?" என்றார் ஆத்தா.

எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டோம். மதினி திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்க நடுமேடு அத்தை. மேட்டுக்கு வாக்கப்பட்டு வந்துட்டீங்க, பாவம்" என்றார். ஆத்தா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார்.

இந்தச் சித்திரையில் காளவாய்க்காரர் வந்தார். சண்டைக் காலத்தில் செங்கல்லுக்குக் கிராக்கி. அண்ணன் அனுப்பும் பணம் நின்றதால் அப்பாவும் முகம் கறுத்துப் போயிருந்தார். காளவாய்க்காரர் நடுமேட்டிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, எங்கள் வாசலில் வைத்துத் தண்ணீர் தெளித்து உருட்டினார். "கல்லுக்குன்னே கடைஞ்சு வச்ச மண்ணுங்க இது" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து மதினி, "சோத்துக்குன்னு கடைஞ்சதுங்க" என்றார்.

அப்பா திரும்பி முறைத்தார். காளவாய்க்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "ரெண்டு முழம் வெட்டிக்கிறேந்தாயி. அடியில மண்ணு இருக்கத்தானே செய்யும்?"

"அடியில இருக்கறது ஆத்து மணலுங்க. அந்த மணலு இருக்கப்போய்த்தான் மேல தண்ணி நிக்காம எறங்குது. இந்த ரெண்டு முழத்த எடுத்துட்டா அப்பறம் அங்க எருக்கு கூட மொளைக்காது. எம் மகளுக்கு நான் எதக் காட்டுறது?"

அன்றைக்கு அப்பா எதுவும் முடிவு சொல்லவில்லை. மதினி என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்: "ஆடில ஒரு மழை விழுந்தாப் போதும், வெதச்சுருவேன். நிக்கிற பயிருல எவனும் மம்பட்டி போட மாட்டான்." எங்கள் பக்கத்தில் அது உண்மை. பயிர் நிற்கும் நிலத்தில் வெட்டினால் வீட்டில் பிள்ளை தங்காது என்று சொல்வார்கள். வழக்குப் போடுகிறவர்கள்கூட அறுவடை வரை பொறுத்திருப்பார்கள்.

மதினி நிலத்தைக் கோடையிலேயே உழுது போட்டு வைத்தார். விதைக்கடலையைத் தானே உட்கார்ந்து, பருப்பின் தோல் கிழியாமல் உடைத்தார். மழைக்காகக் காத்திருந்தபோது காய்ச்சல் வந்தது. கஷாயத்துக்கு அடங்கவில்லை. வண்டி கட்டிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஏற்றும்போது குழந்தையை என் இடுப்பில் வைத்து, "கோழி வெதைய நோண்டாமப் பாத்துக்க" என்றார். அவர் என்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு அது.

அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன இரண்டொரு நாளில் மழை வந்தது. அவர் கேட்ட மாதிரியே ஒரே ஒரு மழை. விடிய விடியப் பெய்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு ஆத்தா வாய்விட்டு அழுதார்.

தீட்டு வீட்டில் விதையைத் தொடக்கூடாது. கருமாதி முடிகிறவரை ஏர் கட்டக்கூடாது, விதைக்கக்கூடாது. தொட்டால் விதை முளைக்காது, முளைத்தாலும் வீட்டுக்கு இன்னொரு சாவு என்பார்கள். கருமாதி முடிகிறபோது ஈரம் போய்விடும். வெறும் நிலமாகக் கிடந்தால் வெட்டிக்கொள்ளலாம் என்று அப்பா காளவாய்க்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வீட்டில் அரிசிப்பானை எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

நான் வள்ளியக்காவிடம் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல் அழுதேன். அவரே சொன்னார்: "தீட்டு ஒங்க வீட்டுக்குத்தானே, எனக்கில்லையே? வெதைய மட்டும் நீ வெளிய கொண்டா. மத்தத நான் பாத்துக்கறேன்."

"வெதைய நான் தொட்டா?"

"தொட்டது நீ, போடுறது நான். தீட்டு யாருக்குன்னு மண்ணே பைசல் பண்ணிக்கிறட்டும்."

கருமாதிக்குச் சாமான் வாங்க அப்பா டவுனுக்குப் போன அன்று காலையில், விதைப்பருப்பைக் கூடையில் கொட்டி, மேலே குழந்தையின் அழுக்குத் துணிகளைப் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ஆத்தா உட்கார்ந்திருந்தார். குழந்தைத் துணிக்கு அந்தக் கனம் ஏது? ஆத்தா கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கனமா இருந்தா இடுப்புல வச்சுக்க. தலையில வச்சா சாயும்" என்றார்.

வள்ளியக்காவும் அவர் கூட்டிவந்த இரண்டு பெண்களும் களைக்கொத்தால் கீறிக்கொண்டே போய் ஒவ்வொரு பருப்பாகப் போட்டார்கள். மேட்டு நிலமாக இருந்தால் அந்த மழைக்குப் பிறகு ஒன்று சேறாக இருந்திருக்கும், இல்லையென்றால் மேலே ஓடு கட்டியிருக்கும். மாடும் ஆளும் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. நடுமேடு வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. நான் வரப்பில் நின்றேன், உள்ளே காலை வைக்கவில்லை. தீட்டுக் காலை மதினியின் மண்ணில் வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்று சாயங்காலம் கொஞ்சம் சூடாக இருந்தது. என்னால்தான் என்று நினைத்து, சாமி விளக்கின் முன்னால் போய் நின்றேன். தீட்டில் விளக்கும் ஏற்றவில்லை. இருட்டுக்குள் நின்றுவிட்டு வந்தேன். இன்று காலையில் சூடு இல்லை. பசிக்கிறது என்று அழுதாள்.

இன்று மத்தியானம் அப்பா காளவாய்க்காரரோடு நடுமேட்டுக்கு எல்லை காட்டப் போனார். அங்கே மண் வரிசை வரிசையாக வெடித்து, பருப்பைத் தலையில் சுமந்துகொண்டு முளைகள் நின்றிருந்தன. அங்கே நடந்ததை அப்பாவே வீட்டுக்கு வந்து கத்தியதிலிருந்து தெரிந்துகொண்டேன். காளவாய்க்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "பயிரு நிக்கிதுங்களே. மண்ணச் சுடுறதே பாவந்தான். அதுக்கு மேல இந்தப் பாவமும் எனக்கு எதுக்கு? கடலை பறிச்ச பெறகு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"தீட்டு வீட்டு நெலத்துல வெதச்சது யாரு?" என்றார் அப்பா. ஆத்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.

"வள்ளிதான். அவளுக்குத்தான் இந்தத் திமிரு வரும். வெதையும் அவதான் திருடியிருப்பா. காலைல வரச் சொல்லியிருக்கேன். என் எடத்துல போட்ட குடிசையப் பிரிச்சுக்கிட்டுப் போகட்டும்."

வள்ளியக்கா என் பெயரைச் சொல்லமாட்டார். அது எனக்குத் தெரியும். நான் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எட்டாம் வகுப்போடு போதும், வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று அப்பா ஏற்கெனவே இரண்டு முறை சொல்லிவிட்டார். இரண்டு முறையும் "இந்த ஒரு வருஷம் போகட்டுங்க மாமா" என்று தடுத்தவர் மதினி. இப்போது தடுக்க ஆள் இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். இது எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. மதினி வந்த மறு வருஷம் கோடையில், ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி அப்பா கண்மாயில் வண்டல் வெட்டி வண்டி வண்டியாக நடுமேட்டில் அடித்தார். "இந்த மண்ணுக்கு அது வேணாங்க மாமா, தண்ணி எறங்காமப் போயிரும்" என்று மதினி கெஞ்சினார். அப்பா கேட்கவில்லை. பாதி நிலத்தில் அடித்து முடித்தார். அந்த வருஷம் அந்தப் பாதியில் தண்ணீர் கட்டி நின்று, கடலை அவ்வளவும் கறுத்து அழுகிப்போனது. களத்தில் ஊர்க்காரர்கள் கூடி, "கண்மாய்க் களிய இங்க கொண்டாந்து கொட்டுன புத்திசாலி யாருப்பா?" என்று சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது மதினி பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, "நான்தான் அடிக்கச் சொன்னேன். மாமா வேணாம்னுதான் சொன்னாங்க" என்றார். பொம்பளை பேச்சைக் கேட்டால் இப்படித்தான் என்று பேசிக் கலைந்து போனார்கள். அதைப்பற்றி அப்பா பிறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கோடையில் அந்தக் களியை அவரே ஆள் வைத்துச் சுரண்டி எடுத்தார்.

மதினியின் தோட்டையும் சங்கிலியையும் குழந்தைக்கு என்று ஆத்தா பெட்டியில் வைத்துவிட்டார். சேலைகளில் நல்லது அக்கரைக்குப் போகும். அண்ணன் வந்தால் அவருக்குக் காட்ட ஒரு படம்கூட மதினி எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு என்று யாரும் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வைத்துக்கொண்டது அன்று களத்தில் அவர் நின்ற நிலையைத்தான். குரல் உயரவில்லை, தலை குனியவில்லை. விடிந்ததும் வள்ளியக்கா வாசலில் வந்து நிற்பார். அவரை அப்பா ஒரு வார்த்தை கேட்பதற்குள் நான் இறங்கிப்போய் அவர் பக்கத்தில் நின்று சொல்லிவிடுவேன். கால் நடுங்கத்தான் செய்யும். மதினிக்கும் நடுங்கியது. ஊரில் யாரும் கவனிக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். காற்றே இல்லாத அந்தக் களத்தில் அவருடைய சேலைக் கொசுவம் ஆடிக்கொண்டிருந்தது.