ஒருவரும் எடுக்காத மில்

“…அதுதான் தம்பி, பூட்டை உடைச்சு எடுத்தால்தான் பறிப்பெண்டில்லை. சாவியை உம்மடை கையிலையே விட்டிட்டு, மில்லை ஓடேலாமல் பண்ணினாலும் பறிப்புத்தான். உலகச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது.”

சொன்னவர் வழக்காடும் அப்புக்காத்து, என் தங்கைக்குப் பேசியிருந்த லண்டன் மாப்பிள்ளையின் தகப்பன். சண்டையால் நீதிமன்றங்கள் மூடிக் கிடந்தன. கறுப்புக் கோட்டை அலுமாரிக்குள் மாட்டிவிட்டார். வாயை மாட்ட இடம் கிடைக்கவில்லை.

அன்று அவர் சுன்னாகத்துக்குச் சைக்கிள் உழக்கி வந்தது, நான் சீதனமாகச் சொல்லியிருந்த அரிசி மில்லைப் பார்க்க. வேறு கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. மில் வேண்டாமென்றால் கலியாணமும் இல்லை. தங்கை குசினிக்குள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். காது மட்டும் எங்களோடு இருந்தது.

அரசாங்கத் திணைக்களம் ஒன்று எங்களோடு ஒப்பந்தம் எழுதியிருந்தது: அவர்களின் நெல்லை மட்டுமே குத்த வேண்டும், டீசல் அவர்கள் தருவார்கள். பிறகு அதே அரசாங்கம் சண்டையைக் காட்டி எங்கள் குடாநாட்டுக்கு டீசலே போகக் கூடாதென்று தடை போட்டது. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய்க் கேட்டேன்.

“மில் உங்கடைதான், ஒப்பந்தமும் அப்பிடியே இருக்கு. ஒருத்தரும் ஒண்டும் எடுக்கேல்லையே!” என்றார் உத்தியோகத்தர், மெத்த மரியாதையாக.

வந்து பார்த்தேன். உண்மைதான், எல்லாம் இருந்தது. எஞ்சினுக்குள் பல்லி முட்டைகூட இருந்தது.

இதையெல்லாம் கேட்ட அப்புக்காத்து தீர்ப்பையும் தானே சொன்னார்: “அப்ப இது பறிபோன சொத்து. பறிபோனதை என்னெண்டு சீதனமாய் வாங்கிறது?”

“அப்ப வழக்குப் போடுவமே, ஐயா?”

“நீரோ?” சிரித்தார். “உம்மடை அரசாங்கம் உம்மடையைப் பறிச்சால் உந்தச் சட்டம் எட்டியும் பாராது. வெளிநாட்டான்ரையிலை கை வைச்சால்தான் அதுக்கு ரோசம் வரும். நீர் இங்கிலாந்துக்காரனாய்ப் பிறந்திருக்க வேணும்.”

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது.

“அண்ணை,” என்றாள் தங்கை, “லண்டன் பாஸ்போட்காரரைத்தானே எனக்குப் பேசியிருக்கிறியள்? எங்கடை ரெண்டு பேற்றை பேரிலையும் மில்லை எழுதிவிடுங்கோவன். ஐயாவுக்கும் ஒரு வழக்குக் கிடைக்கும்.”

அப்புக்காத்து கொஞ்ச நேரம் மில்லையே பார்த்தார். எத்தனையோ மாதமாக வழக்கில்லாத மனிதர். கொண்டுவந்த தேத்தண்ணியைக் கையாலும் தொடாமல் வேட்டியை மடித்துக் கட்டி, சொத்து உறுதி எழுதும் நொத்தாரிசைக் கூட்டிவரச் சைக்கிளில் ஏறினார்.