ராசாத்தாளின் கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜை

கணபதி என்கிற பகுதியில் ஆறுச்சாமியின் லேத் பட்டறை முன்னால், வீடு பின்னால். இரண்டுக்கும் நடுவில், ஒரு காலத்தில் பழைய மோட்டார்களை அடுக்கி வைத்திருந்த அறையில், அவர் மனைவி ராசாத்தாளும் அவளுடைய கம்ப்யூட்டரும். காலையில் அதை ஆன் செய்துவிட்டு, அரிசி களைந்து உலை வைத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாலும் திரையில் மணல் கடிகாரம் அப்படியே நிற்கும்.

"சோறு வெந்துருது. இது வேகறதில்ல" என்பாள். சிரிப்புக்குச் சொன்னதல்ல, அலுப்பில் சொன்னது.

அவள் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். மில்லை மூடினார்கள், வீட்டுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் அவளுக்காக வாங்கியதும் அல்ல. மகன் மனோஜ்குமார் படிக்கட்டும் என்று வாங்கியது. அவன் அதில் படித்ததைவிடக் கார் ஓட்டியதும் துப்பாக்கி சுட்டதும்தான் அதிகம். பெருந்துறைப் பக்கம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபோது பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டான், விளையாட்டுகளை உள்ளேயே விட்டுவிட்டான். அந்தக் குப்பைக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து ராசாத்தாள் தமிழில் தட்டக் கற்றுக்கொண்டாள். காதுகுத்துப் பத்திரிகை, சீர்ப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை என்று வேலை வந்தது. தாய்மாமன் பேர் ஒரு வரி கீழே இறங்கினால் பந்தியில் இலை பறக்கும் ஊர் இது. யார் பேர் எங்கே வர வேண்டும் என்று பத்திரிகை அடிக்க வருகிறவர்களே அவளைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஆறுச்சாமியைக் கெட்ட மனுஷன் என்று சொல்ல நாக்கு வராது. ஆனால் அவருக்கு வேலை என்றால் சத்தம் வர வேண்டும், கையில் எண்ணெய் ஒட்ட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து செய்வதெல்லாம் அவர் கணக்கில் ஓய்வு. "உக்காந்து தட்டறதுக்கு என்ன அலுப்பு?" என்று ஒரு தடவை கேட்டே விட்டார். ராசாத்தாள் கழுத்தைப் பிடித்து நீவிக்கொண்டே இட்லிக்கு ஊறப்போடப் போனாள்.

இதில் பெரிய உபத்திரவம் லேத்துதான். அதைப் போட்டதும் வீட்டு விளக்கெல்லாம் ஒரு நொடி சுருங்கி விரியும். அந்த ஒரு நொடியில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்து, ஆதியிலிருந்து தொடங்கும். யூ.பி.எஸ். ஒன்று இருந்தது, பேட்டரி செத்து, கீக் கீக் என்று கத்துவதற்கு மட்டும் உயிர் வைத்திருந்தது. அதனால் காலையில் பட்டறை ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டதும் ராசாத்தாளின் விரல் தானாக ஓடி, தட்டியதைச் சேமித்துவிடும். ஆனால் லேத்து நாளுக்கு ஒரு தடவையா போடுவது? நிறுத்துவார், அளப்பார், மறுபடி போடுவார். ஒவ்வொரு தடவையும் அரைப் பக்கம், ஒரு பக்கம் போகும். சொல்லிவிட்டுப் போடலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கும் வாய் வந்ததில்லை.

அந்த வருஷம், தொண்ணூற்றொன்பதில், ஆடி பிறந்ததும் ஐயாசாமி வந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஒரே பாட்டன் வழி வந்த அவர்கள் கூட்டத்துக் குலதெய்வக் கோயிலுக்குக் கார்த்திகையில் கும்பாபிஷேகம், அதற்கு ஒரு சிறப்பு மலர் போட வேண்டும். ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களின் விவரத்தையெல்லாம் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"அம்மணி, இது நல்லா வந்துதுன்னா மத்த கூட்டத்துக்காரங்களும் உங்ககிட்டத்தான் வருவாங்க" என்றார்.

அன்று ராசாத்தாள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் பக்கம் ஏற ஏறக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டே போனது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் ஒரு கொட்டாவி விடலாம். இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறுச்சாமி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"தீவாளிக்குள்ள இது ஒழுங்கா ஓடலீன்னா வித்துப்போட்டு ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கிப்போடலாம். நீயும் பட்டறைக்கு வந்து பிசிறு தட்டிக் குடு. ஒரு ஆள் மிச்சம்."

அவள் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். கோட்டைமேட்டிலிருந்து ரிப்பேருக்கு வரும் ஷாஹுலைக் கூப்பிட்டாள். அவன் பார்த்துவிட்டு, ஒரு சி.டி.யை எடுத்துக் கொடுத்தான்.

"உள்ள ஒரே குப்பைங்க அக்கா. இந்த சாஃப்ட்வேரைப் போட்டு ஓட விட்டீங்கன்னா வேண்டாததை அழிச்சு, செதறிக் கிடக்கறதை எல்லாம் வரிசையா அடுக்கிரும். நேரம் புடிக்கும். ஆனா ஒண்ணுங்க, ஓடறப்ப நடுவால மட்டும் நிறுத்தீராதீங்க."

எப்போது ஓட விடுவது? ஆயுத பூஜை அன்றைக்குத்தான். அன்று லேத்து ஓடாது, விளக்கு சுருங்காது. பட்டறையைக் கழுவித் துடைக்கிற நாளில் தன் மெஷினும் உள்ளுக்குள் சுத்தமாகட்டும் என்று நினைத்தாள். நினைப்பில் ஒரு தப்பும் இல்லை.

காலையில் சி.டி.யைப் போட்டாள். மகன் விட்டுப்போன விளையாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்து, நிறம் மாறி, ஒன்றாக நகர்ந்து சேர ஆரம்பித்தன. அதைப் பார்க்கவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. தன் வேலையை வேறொருவர் செய்வதை அவள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஆனால் எவ்வளவு நேரம் பார்ப்பது? சுண்டலுக்குக் கடலை கிடந்தது. பட்டறைத் தரையில் வருஷத்து எண்ணெய் கிடந்தது. இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினாள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள், லேத்துக்கும் கிரைண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள், வாழைக்கன்று கட்டினாள், பொரியில் கடலையும் வெல்லமும் கலந்தாள். சாயங்காலம் ஆவதற்குள் நின்றபடியே தூக்கம் வந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். கற்பூரம் காட்டும்போது ஒரு மெஷினும் உயிரோடு இருக்கக் கூடாது. மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். இறக்குகிற கை வீட்டுக்காரியின் கை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அது அவளுக்குரிய மரியாதை. பட்டறைக்கும் வீட்டுக்கும் ஒரே மெயின்.

"ராசு, நேரமாச்சு. இறக்கு" என்றார் ஆறுச்சாமி.

கை போனது. இறக்கியது. அதற்கு அப்புறம்தான் புத்தி வந்தது.

உள்ளேயிருந்து கீக் கீக் என்று யூ.பி.எஸ். கத்தியது. ராசாத்தாள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, பூஜையை விட்டு ஓட முடியாது. கும்பிட்ட கையோடு நின்றாள். கத்தல் இரண்டு முறை விட்டு விட்டு வந்து அடங்கியது. ஆறுச்சாமி பூசணிக்காயை உடைத்தார்.

மெயினை ஏற்றிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி இங்கிலீஷ். எதைத் தட்டினாலும் அதே வரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

விஜயதசமி காலையில் ஷாஹுல் வந்தான். நெடுநேரம் முயன்றான். மலரில் காலே அரைக்கால் பங்கு, அவள் முன்பே எடுத்து வைத்த ஒரு ஃப்ளாப்பியில் தப்பியிருந்தது, மற்றது போய்விட்டது. முழுசாக அழித்து முதலிலிருந்து போட்டால்தான் மெஷின் எழும் என்றான்.

"நாந்தான் அப்பவே சொன்னனே, வித்துப்போடலாம்னு" என்றார் ஆறுச்சாமி.

ராசாத்தாள் திரும்பினாள். எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"வித்துப்போடுங்க. நேத்து ஒருநாள் நான் நிறுத்தினேனுங்க, என் புத்திகெட்ட கை. ஆனா தெனமும் நிறுத்துனது ஆருங்க? லேத்தைப் போடறப்ப எல்லாம் நான் தட்டுனது போகுது. ஒருநாளாவது, போடறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருக்கீங்களா?"

ஆறுச்சாமி ஷாஹுலைப் பார்த்தார், ஒரு ஆம்பளை தன் பக்கம் பேசுவான் என்ற நம்பிக்கையில். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா சொல்றது நெசந்தானுங்க. சட்டுச் சட்டுனு நின்னா, உள்ள பாதி பாதியா அப்பிடியே கெடந்துருமுங்க. அந்தக் குப்பையிலதானுங்க இது இவ்வளவு மெதுவாப் போனது."

அவர் பட்டறைக்குப் போனார்.

மதியத்துக்கு மேல் கம்ப்யூட்டர் புதுசு போல எழுந்தது. தொட்டால் ஓடியது. உள்ளே ஒன்றும் இல்லை, ஓடாமல் என்ன செய்யும்? ராசாத்தாள் ஐயாசாமியின் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டாள். ஹெட்மாஸ்டர் கையெழுத்து, கோழி கிளறியது போல இருக்கும். கண் எரிந்தது. அழுதது பாதி, தூக்கம் பாதி.

அப்போது ஆறுச்சாமி வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குடு. நான் படிக்கறேன், நீ தட்டு" என்றார்.

படித்தார். ஊர், பாட்டன் பேர், மக்கள் பேர், கட்டிக் கொடுத்த ஊர். மறுபடி ஊர், பாட்டன் பேர். முதல் தாளில் குரல் கணீரென்று இருந்தது. நாலாம் தாளில் தொண்டை கட்டியது. வரியை விட்டுவிட்டுத் தாவினார். அவள் நிறுத்திக் கேட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை எழுந்து நின்றார், தண்ணீர் குடித்தார், மீதிக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இத்தனையும் நீ ஒருத்தியாவா தட்டுன?"

"வேற ஆருங்க இருக்கறா?" என்றாள், திரும்பாமல்.

அவர் அடுத்த தாளை எடுத்தார். விளக்கு வைக்கிற நேரம் வரை படித்தார்.

மறுநாள் காலையிலும் அவள் நேரத்தோடு உட்கார்ந்தாள். கழுத்து வலி அப்படியே இருந்தது. கார்த்திகைக்குள் முடியுமா என்ற பயமும் அப்படியே இருந்தது. பட்டறை ஷட்டர் ஏறியது. விரல் தானாக ஓடிச் சேமித்தது. விளக்கு சுருங்கட்டும் என்று கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

விளக்கு சுருங்கவில்லை. செருப்புச் சத்தம் வந்தது. ஆறுச்சாமி, கையில் எண்ணெய் துடைக்கும் பஞ்சு வேஸ்ட்டோடு அறை வாசலில் நின்றார்.

"ராசு, லேத்தைப் போடட்டுமா?"

அவள் எல்லாவற்றையும் ஏற்கனவே சேமித்துவிட்டிருந்தாள். போடுங்க என்று சொல்லியிருக்கலாம்.

"இருங்க. இந்தக் குடும்பம் தட்டி முடியட்டும்" என்றாள்.

அவர் அங்கேயே நின்றார். அவள் அவசரமில்லாமல் தட்டினாள்.