பேப்பரில் வந்த மாப்பிள்ளை

கனகமணி அந்தப் பேரை முதன்முதலில் கேட்டது மெட்டில்டா சித்தி வாயால்தான். எழுபத்து நாலாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது சித்தி சொன்னாள்: "மல்லாபூர் கம்பெனியிலே ஸ்டோர் பாக்கான். எட்மண்ட்னு பேரு. நம்ம பாளையங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைதான். சிரிச்சா காதுவரைக்கும் வெக்கப்படுவான்."

பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கொதிக்கிற காபியை அப்படியே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றான். கனகமணிக்கு அப்போதே பிடித்துவிட்டது.

லாலாகுடா கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு போதகர் சபைக்கு முன்னால் பொண்ணு மாப்பிள்ளை பேரை வாசிப்பார். தடை இருந்தால் யாரும் எழுந்து சொல்லலாம். இரண்டு ஓலை முடிந்தது. அந்த வாரம்தான் எட்மண்ட் படம் தெலுங்குப் பேப்பரில் வந்தது.

கனகமணியின் அப்பா தேவராஜ் ரயில்வே ஒர்க்ஷாப்பில் டர்னர். தெலுங்கில் பேரம் பேசுவார், சண்டையும் போடுவார். படிக்க ஒரு எழுத்து தெரியாது. மாப்பிள்ளை கம்பெனியில் நல்ல வேலைக்காரனுக்குப் பரிசு கொடுக்கிற மாதம் அது. பரிசுதான் என்று முடிவுகட்டி, மிட்டாயும் வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் பேப்பரைக் காட்டினார். பின்வீட்டுக் கிட்டுவின் மூக்குக்கு நேரே பிடித்து, "நல்லாப் பாரும் வே, இதான் நம்ம மாப்பிள்ளை" என்றார். பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் அங்கே; யாருக்கும் தெலுங்கு எழுத்து வராது, மிட்டாயைத் தின்றார்கள். கடைசி வீட்டு நர்ஸ் ஜுலைகாதான் வாசித்துவிட்டு, "நக்கோ அண்ணே, வேண்டாம், மடிச்சு வைங்க. காப்பர் கம்பி திருடினவன் பிடிபட்டான்னு போட்டிருக்கு" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். ஸ்டோரில் கம்பி காணாமல் போன அன்று சாவி எட்மண்ட் கையில் இருந்தது. போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. கோர்ட்டில் விசாரணையே தொடங்கவில்லை, பேப்பர்காரர் தீர்ப்பை எழுதிவிட்டார்.

"மூணாவது ஓலை வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் தேவராஜ்.

"கோர்ட்டே இன்னும் ஒண்ணும் சொல்லல. நீங்க என்னத்தக் கண்டீங்க?"

"ஊரே பாத்துட்டு, ஏட்டி."

"ஊருக்குக் காட்டுனது நீங்கதானப்பா."

அவர் அன்று சாப்பிடவில்லை.

பின்வீட்டுக் கிட்டுவுக்கு மல்லாபூரில், அந்தக் கம்பெனிக்கு எதிர்க் குடோனில் வாட்ச்மேன் வேலை. சுவரேறி ஒருத்தன் மூட்டையை வீசியதைப் பார்த்தேன், இருட்டில் முகம் தெரியவில்லை என்று முதல்நாளே போலீசிடம் சொல்லியிருந்தார். அதற்கப்புறம் ஜெயிலில் பல பேரை வரிசையாக நிறுத்திக் காட்டியபோது நேரே போய் எட்மண்ட் தோளைத் தொட்டுவிட்டார். கேள்விப்பட்டதும் கனகமணி பின்வீட்டுக்குப் போனாள்.

"கிட்டு மாமா, அந்த முகத்தைச் செவுத்துக்கிட்ட பாத்தீங்களா, அப்பா காட்டுன பேப்பர்ல பாத்தீங்களா?"

கிட்டு கெட்ட மனுஷர் இல்லை. "இப்ப ரெண்டும் ஒண்ணாட்டம்தாம்மா தெரியுது" என்றார்.

எட்மண்டின் வக்கீல் ரகுநாதன் இதைக் கேட்டுவிட்டு, பேப்பரைக் காட்டினவரே வந்து கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்றார்.

"திருடன்னு போட்ட பேப்பரை வச்சுக்கிட்டு மிட்டாய் குடுத்தேன்னு அத்தனை பேர் முன்னாலயும் சொல்லணுமாக்கும்?" என்றார் தேவராஜ்.

"சொல்லணும்ப்பா. இல்லேன்னா அவரு ஜெயிலுக்குப் போவாரு."

போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், மிட்டாய் உட்பட ஒன்று விடாமல் சொன்னார். கோர்ட்டே சிரித்தது, மாஜிஸ்திரேட் குனிந்துகொண்டு கண்ணாடியைத் துடைத்தார். "சிரிங்க" என்றார் தேவராஜ். "ஆனா அந்தப் பையன் மூஞ்சியைக் கிட்டுக்கு மொதல்ல காட்டுனது நான்தான்."

வேறு சாட்சி இல்லை. எட்மண்டை விட்டுவிட்டார்கள். அந்தச் சேதி எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

வெளியே வந்ததும் எட்மண்ட் காது சிவக்க, "என்ன மிட்டாய் மாமா குடுத்தீங்க?" என்று கேட்டான்.

"ஆரஞ்சு மிட்டாய்."

"எனக்கு ஒண்ணுகூட எடுத்து வைக்கலியா?"

தேவராஜ் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

நாள் தள்ளிப் போனதால் பழைய ஓலை செல்லாது, முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்றார் போதகர். மூன்று ஞாயிறும் தடை கேட்கிற நேரத்தில் தேவராஜ் முன்வரிசையிலிருந்து திரும்பி ஒவ்வொரு பெஞ்சாக முறைத்துப் பார்த்தார். ஒருத்தரும் இருமக்கூட இல்லை. கம்பெனியும் வேலையைத் திருப்பிக் கொடுத்தது. ரிடையர் ஆகும்வரை எட்மண்ட் அதே ஸ்டோரைத்தான் பார்த்தார்.

இப்போது எட்மண்ட் மௌலா அலியில் மகள் ஹில்டா வீட்டில், கனகமணியோடு இருக்கிறார்.