முப்படையும் ஒரே குடும்பம் என்றார்கள்

தகரம் சூடேறும்போது ஒரு சத்தம் வரும்... டிக்... டிக்... என்று. வெயில் ஏறத் தொடங்கினால் பள்ளிக்கூடம் விடும்வரை நிற்காது. அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் நான் முதன்முதலில் படிப்பித்தேன்.

யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். எனக்குச் சொந்த ஊர் எருக்கலம்பிட்டி. வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய தொண்ணூறில் சின்னப் பிள்ளையாக வாப்பாவின் தோளில் வெளியேறி, புத்தளத்தில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடியே அந்தப் பாஷை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

முதல் நியமனம் விடத்தல்தீவுக்கு அந்தப் பக்கம் ஒரு மீன்பிடிக் கிராமத்தில். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே பள்ளிக்கூடம் என்று எனக்குக் காட்டியது ஒரு தகரக் கொட்டில்.

உண்மையான பள்ளிக்கூடம் எதிரிலேயே இருந்தது... முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம். கல்லுக் கட்டடம், நீளமான விறாந்தை, நல்ல தண்ணீர்க் கிணறு. எல்லாம் படை முகாமுக்குள். எங்கள் பள்ளிக்கூட மணியை அவர்கள் சாப்பாட்டுக்கு அடிப்பார்கள். எங்கள் பிள்ளைகளோ பவுசர் வண்டி வந்தால்தான் தண்ணீர் குடிக்கும்.

ஒருநாள் குடியியல் பாடம். முப்படைகளின் அமைப்பு. வெள்ளைக்காரன் காலத்துத் தொண்டர் படையில் தொடங்கினேன். சுதந்திரத்துக்குப் பிறகு இராணுவம், கடற்படை, விமானப்படை என்று தனித்தனியாக வந்ததையும், யுத்த காலத்தில் மூன்றும் கூட்டுத் தலைமையின் கீழ் இயங்கியதையும், எல்லோருக்கும் மேலே ஜனாதிபதி இருப்பதையும் கரும்பலகையில் கோடு கீறிக் காட்டினேன்.

நிரோஷினி என்று ஒரு பிள்ளை எழும்பினாள்.

"ரீச்சர், எங்கட பள்ளிக்கூடத்தில இருக்கிறவை இதில எந்தப் படை?"

"கடற்படை."

"அப்ப அவையிட்டக் கேட்டாத் தருவினம் தானே?"

எங்கள் அதிபர் பிலோமினா ரீச்சர் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, அங்கேயே படிப்பித்து, அங்கேயே அதிபரானவர். முகாமில் போய்க் கேட்டால், முதலில் எடுத்தது இராணுவம், எங்களிடம் பிறகுதான் தந்தார்கள், அங்கே கேளுங்கள் என்பார்கள். இராணுவத்திடம் போனால், இப்போது எங்கள் பொறுப்பில் இல்லை, மேலே கேளுங்கள் என்பார்கள். மேலே போனால், கொழும்பில் அமைச்சைக் கேளுங்கள்.

எடுக்கும்போது எல்லோரும் ஒரு படை. திருப்பிக் கேட்டால் மூன்று படை! இப்போது நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

பிறகு ஒருநாள் படையினர் பிள்ளைகளுக்கு எழுதும் கொப்பி கொடுக்கும் விழா வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவருக்குப் பந்தலும் கதிரையும். பிள்ளைகளுக்கு வெயில். தங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்தபடி வரிசையில் நின்று கொப்பி வாங்கினார்கள்.

அதிகாரி பேசினார். முப்படையும் ஒரே குடும்பம் என்றார். அந்தக் குடும்பத்தில் நீங்களும் பிள்ளைகள் என்றார். மொழிபெயர்க்க வந்தவர் அதை அழகாகவே தமிழில் சொன்னார்.

அதிபரை நன்றி சொல்ல அழைத்தார்கள். அதிர்ந்து பேசாத மனிசி. அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினார்.

"கொப்பிக்கு நன்றி ஐயா. அதை விரிச்சு வைச்சு எழுத பிள்ளையளுக்கு ஒரு இடம் வேணும். ஒரே குடும்பம் எண்டு சொன்னீங்கள்... அப்ப ஆரிட்டக் கேக்கோணும் எண்டு ஆராவது ஒராள் சொல்லுங்கோ. எங்கட பள்ளிக்கூடத்தை எப்ப தருவீங்கள்?"

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார்: பிள்ளைகள் சார்பில் அதிபர் படையினருக்கு மனமார்ந்த நன்றி தெரிவிக்கிறார்.

அதிகாரி சிரித்தார். கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பிலோமினா ரீச்சர் ஒன்றும் விளங்காமல் பதிலுக்காகக் காத்து நின்றார்...

என்னால் இருக்க முடியவில்லை. எழும்பினேன். "சேர், அவர் அதைச் சொல்லவில்லை" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, ரீச்சர் கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

கைதட்டல் நின்றது. அதிகாரி என்னையே பார்த்தார். இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

"புத்தளத்தில் சேர். அகதியாக இருந்த இடத்தில்."

கவனிக்கிறோம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவர்கள் கவனித்தது என்னைத்தான். அந்தக் கிழமையே சிவில் உடுப்பில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, நான் யார், யாரோடு பழகுகிறேன் என்று விசாரித்தார்கள். வாப்பா பயந்துபோனார். "மகள், இப்பத்தான் ஊருக்கு வந்து அடுப்பு மூட்டியிருக்கம். வாயக் கொஞ்சம் அடக்குங்க."

அடுத்த நாள் பிலோமினா ரீச்சரிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது உம்மட கதை இல்லைப் பிள்ளை, என்ர கதை. ஆரும் வந்து கேட்டா, அதிபர்தான் சொல்லச் சொன்னவ எண்டு சொல்லும். நான் பாத்துக்கொள்ளுறன்."

அப்படியொரு மனிசி!

கட்டடம் கிடைத்தது அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகுதான். பெற்றோர் எழுதி எழுதி, தேவாலயத்துப் பங்குச் சுவாமி நடந்து நடந்து, ஒருவழியாக விட்டார்கள். அதற்கும் ஒரு விழா. பாண்ட் வாத்தியம், ரிப்பன். சுவரில் புதிதாக ஒரு கல். பிலோமினா ரீச்சருக்குப் பின்வரிசையில் ஒரு கதிரை. நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

கல்லில் சிங்களமும் இங்கிலீசும் மட்டும். அந்தத் தூரத்தில் ரீச்சருக்கு எழுத்துப் பிடிபடவில்லை. "என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

வாசித்துச் சொன்னேன். பிரதேச மக்களுக்குப் படையினரின் அன்பளிப்பு.

"அன்பளிப்போ?" என்றார். பிறகு எழும்பி, கைதட்டிக்கொண்டிருந்த சனத்துக்கு நடுவால் நடந்து, வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

இப்போது அங்கே மின்விசிறி, கணினி அறை எல்லாம் இருக்கிறது. பிள்ளைகள் விறாந்தையில் ஓடுகிறார்கள், கிணற்றில் வாளி போட்டு அள்ளிக் குடிக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷம்தான்.

ஆனால் அந்தக் கல்லைக் கடக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது நண்பர்களே. 'திருப்பித் தந்தோம்' என்று எழுதியிருக்கலாம். அந்த ஒரு சொல்லை எழுத மூன்று படையிலும் ஒராள் இல்லாமல் போய்விட்டது.