கையொப்பம் போட்ட மழை

அந்த மேலாளரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு யாரும் எனக்கு மனம் திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் சேந்தமங்கலத்தில் ஒரு பயிர் ஆராய்ச்சித் திட்டத்தின் அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தேன். கொல்லிமலையில் சாமைக்கும் மரவள்ளிக்கும் சோதனை வயல்கள் வைத்திருந்தோம். மலையில் குண்டனி நாடு என்கிற ஊர்ப் பகுதியில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலையில் அதைப் பார்த்துச் சொல்பவர் அந்த ஊர் விவசாயி ஒருவர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். எழுத்து தெரியாது, எண் தெரியும். அன்றன்றைய அளவை வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைப்பார். சனிக்கிழமை நான் சோளக்காடு பஸ்ஸில் ஏறிப்போய், அங்கிருந்து நடந்து, ஏழு எண்களையும் நோட்டில் குறித்துக்கொள்வேன். அதன்பின் சாணி போட்டு மெழுகி, சுவரை அடுத்த வாரத்துக்குத் தயாராக்கிவிடுவார்.

ஓர் ஐப்பசியில் அவர் ஒரே நாளுக்கு நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் எழுதியிருந்தார். அப்படியே கணினியில் ஏற்றி மேலாளருக்குக் கொடுத்தேன். புள்ளி விட்டுப்போயிருக்கும் என்று அவரே முடிவு செய்து, பதினாலு புள்ளி இரண்டு என்று மாற்றித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். வரப்பெல்லாம் உடைந்து வயல் அடித்துக்கொண்டு போயிருந்ததைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பதினாலு மில்லிமீட்டருக்கு வரப்பு எப்படி உடைந்தது என்று கேட்டார்கள். மேலாளர் கூசாமல் அண்ணனைக் கைகாட்டினார். வீட்டில் படுத்துக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொல்கிற பொய்யன் என்று ஊரே நிற்கும்போது சொன்னார். அந்த எண்களில் தன் கை பட்டதே இல்லை என்று எழுதியும் கொடுத்தார். சுவரை மெழுகியாகிவிட்டது. என் நோட்டைக் காட்டினேன், நானும் அண்ணனும் கூட்டு என்றார் மேலாளர். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டியபடி, இல்லீங்க என்று மட்டும் சொன்னார்.

அந்த எரிச்சலில்தான் கணினிக் கோப்புக்குக் கையொப்பம் போடக் கற்றுக்கொண்டேன். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் அதற்கான மென்பொருள் இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் நமக்கென்று இரண்டு சாவி உண்டாக்கித் தரும். ஒன்று ரகசியம், இன்னொன்றை யாருக்கும் கொடுக்கலாம். ரகசியச் சாவியால் ஒரு கோப்புக்குக் கையொப்பம் போட்டால் சின்னதாக இன்னொரு கோப்பு பிறக்கும். மற்ற சாவியை வைத்திருப்பவர் சோதித்துப் பார்க்கலாம். நடுவில் ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் கையொப்பம் தவறு என்று திரை சொல்லிவிடும். தலைமை அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கு எழுதினேன். அவர்களுக்குப் பிடித்துப்போய், இனி வாரக் கோப்புக்கெல்லாம் கையொப்பம் வேண்டும் என்று உத்தரவே போட்டார்கள். மேலாளர் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வாரக் கோப்பு எப்போதும்போல அவர் வழியாகப் போனது. கையொப்பம் மட்டும் பிரவுசிங் சென்டரிலிருந்து நேராகப் போனது.

மூன்று மாதம் காத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் சரி, சரி என்றே பதில் வந்தது. மனுஷன் ஒன்றையும் தொடவில்லை. தொடும்படி எந்த எண்ணும் வரவில்லை என்பதுதான் விஷயம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

மாசி மாதம், மலை காய்ந்து கிடந்தது. அந்த வாரம் சுவரில் ஏழும் பூஜ்யம். நான் புதன்கிழமைக்கு மட்டும் தொண்ணூற்றாறு என்று போட்டேன். கையொப்பம் இட்டேன். கோப்பை எப்போதும்போல மேலாளரிடம் கொடுத்தேன். மாசியில் தொண்ணூற்றாறா என்று அவர் திருத்தாமல் இருக்க மாட்டார் என்று தெரியும். திருத்தினார். பூஜ்யம் என்று சரியாகவே திருத்தினார்.

கையொப்பம் பொருந்தவில்லை என்று விசாரணைக்கு வந்த அதிகாரிகள் அவர் மேஜையிலேயே சோதனைக் கட்டளையைத் தட்டினார்கள். கையொப்பம் தவறு என்று வந்தது. நான் கொடுத்த மூலக் கோப்பைச் சோதித்தார்கள். சரி என்று வந்தது. அந்தப் புதன்கிழமை தான் மிளகு வாங்கச் சோளக்காடு போயிருந்ததாகவும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை என்றும் மேலாளர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். மழை இருக்கட்டும், கை பட்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்தீர்களே என்றார்கள். அவர் முகம் வெளுத்ததை நான் ஆற அமரப் பார்த்தேன். அப்புறம் என் பக்கம் திரும்பி, இந்த எண் யார் கொடுத்தது என்று கேட்டார்கள். அண்ணன் சொன்னதுதான் என்றேன்.

மேலாளரைத் தூக்கியடித்தார்கள். ஐப்பசிக் குற்றச்சாட்டையும் ரத்து செய்து, மழைமானி பார்ப்பவர் மேல் தவறில்லை என்று கடிதம் தந்தார்கள். அந்தச் சனிக்கிழமை பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்தபோது இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. போனதும் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் பழி தீர்ந்த கதையைச் சொல்லி, கையொப்பம் சரி என்று அச்சாகி வந்த அந்த வாரத் தாளையும் கொடுத்தேன். அவரும் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசிக்குப் பிறகு அவர் சுவரை மெழுகுவதை நிறுத்தியிருந்தார். நான்கு மாத மழையும் அதில் வரிசையாக இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு சுவரருகே போய், ஒரு விரலைத் தாளிலும் ஒரு விரலைச் சுவரிலும் வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார். புதன்கிழமையில் நின்றுவிட்டார்.

"நாஞ் சொன்னதாவா சொன்னீங்க, அம்மிணி?"

ஆமாம் என்றேன். அவனை வேறெப்படிப் பிடிப்பது என்றும் கேட்டேன்.

"அந்தாளு என்னெப் பொய்யன்னு சொன்னப்ப, இல்லீங்கன்னு சொல்ல எனக்கு வாயிருந்துச்சுங்க. இனி யாராச்சும் கேட்டா என்னத்தச் சொல்றதுங்க?"

உள்ளே போய் மழை அளக்கும் கண்ணாடிக் குவளையை எடுத்துவந்தார். துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார். கடிதத்தையும் மடித்து அதனுள்ளேயே வைத்தார். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நேரமாச்சு, பஸ் போயிரும் என்று மட்டும் சொன்னார்.

குவளையை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன். தொண்ணூற்றாறு போட்ட அந்த வாரக் கோப்பு இன்னும் ஒரு பிளாப்பியில் என்னிடம் இருக்கிறது. எப்போது சோதித்தாலும் கையொப்பம் சரி என்றுதான் வருகிறது.