பாலிசிக்காகக் காத்த புண்

என் அக்கா சுலோச்சனாவின் புருஷன் தாமோதரன், காசு கொடுத்த எதையும் சுரண்டித் தின்னாமல் விடமாட்டார். மொய் எழுதிய கல்யாணத்தில், சர்க்கரை வியாதியோடு, பாயசத்தை மூன்று தரம் கேட்டு வாங்குவார். புத்தூரில் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட்டின் பின்னால் இருக்கும் விதிகளைப் பயணிகளிடம் ஒப்பித்தே கழுத்தறுத்தவர்.

புரட்டாசி சனிக்கிழமை வெறுங்காலோடு திருமலைக்குப் படியேறுவது அவர் வழக்கம். போன வருஷம் பெருவிரலில் கல் குத்திப் புண்ணாகிவிட்டது. திருப்பதி டாக்டர், தினமும் கட்டு மாற்றினால் ஆறிவிடும் என்றார். அதற்குள் சிங்கப்பூரிலிருந்து மகள் கீர்த்தி, மாசி மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். கூடவே பயண இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னாள். வந்தது வினை!

"இங்க எதுக்குடா தண்டச் செலவு? அங்க ஆஸ்பத்திரி பூரா இன்சூரன்ஸ்காரன் தலையில," என்றார் என்னிடம்.

பாலிசி எடுக்க நானும் கூடப் போனேன். ஏஜெண்டு பையன் தெலுங்கும் தமிழுமாகத் தெளிவாகத்தான் சொன்னான்: "அங்க போன அப்புறம் திடீர்னு வர்ற நோய், விபத்து, அதுக்குத்தான் சார். முன்னாடியே இருக்கறதுக்கு ராது, வராது."

"சர்க்கரைக்கா கேக்கறேன்? இது காயம்யா. காயம்னா விபத்துதான்!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாமா ஜெயித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு டாக்டர் பக்கமே போகவில்லை. புண்ணை ஏதோ சீர்வரிசை மாதிரிப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார். அக்காதான் மூக்கைப் பொத்திக்கொண்டு துணி சுற்றினாள்.

"நாத்தம் அடிக்குதுய்யா. திருப்பதிக்கு வாய்யா, உன் கால்ல வுழறேன்."

"பொறுத்துக்கினு இருடி, ஊருக்குப் போற வரைக்கும்தானே."

மாசியில் போய் இறங்கியதும், சிங்கப்பூர் டாக்டர் எப்போது வந்த புண் என்று கேட்டிருக்கிறார். இவர் பெருமையாக, "புரட்டாசியில, சாமிக்கு நடந்தப்போ" என்றாராம்! அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். இன்சூரன்ஸ்காரன் கையை விரித்தான். விரலோடு பாதிப் பாதமும் போனது. வீடு வாங்கச் சேர்த்ததைக் கீர்த்தி ஆஸ்பத்திரியில் கொட்டினாள்.

இந்தப் புரட்டாசியில், திருமலைப் படிகள் தொடங்கும் அலிபிரிக்கு அக்கா, மாமா, நான் மூவரும் போனோம். மாமா கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பஸ்ல போயிடலாம் சுலோச்சனா."

"நீ பஸ்ல வா. நான் நடந்து வர்றேன்."

அக்கா செருப்பைக் கழற்றி முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா பதறினார்.

"அடிப்பாவி, செருப்போடவா ஏறுவே?"

"ஆமா," என்றாள் அக்கா. "எனக்குத்தான் இன்சூரன்ஸ் கெடையாதே."