அய்யாவு ஏன் ஸ்டீயரிங்கைக் கொடுப்பதில்லை

மலேசியாவின் செனாயில் அவர்கள் வசிக்கும் தாமான் குடியிருப்பில் அய்யாவுவைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. வீட்டில் சமைப்பார், துணி காயப்போடுவார், மனைவி புஷ்பவள்ளியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். காரில் ஏறினால் மட்டும் ஸ்டீயரிங்கை மனைவியிடம் கொடுக்கமாட்டார். இத்தனைக்கும் புஷ்பவள்ளி பதினெட்டு வருடம் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கிய வேன் ஓட்டுநர்.

"மீசைய எடுத்தும் ஆம்பளத் திமிரு போகல லா!" என்பார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

அய்யாவு சிரித்துக்கொள்வார். அவர் ஓட்டினால் பக்கத்து இருக்கையில் இருக்கும் புஷ்பவள்ளியின் வலது காது அவர் பக்கம் இருக்கும். புஷ்பவள்ளி ஓட்டினால் இடது காது. அந்த இடது காது நாற்பது வருடமாகக் கேட்பதில்லை. கல்யாண வீடோ, கடைத்தெருவோ, அவர் எப்போதும் மனைவியின் வலப்பக்கமாகச் சுற்றிவந்து நிற்பது அதனால்தான். பார்ப்பவர்கள் அதைப் பிரியம் என்றார்கள். பிரியமும் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது.

காஹாங் பக்கத்தில் அவர்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தாகிவிட்டது. ஆனால் அய்யாவு கண்ணை மூடினால் தோட்டத்து மண்டபம் அப்படியே எழுந்து நிற்கும். வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பால்வெட்டு முடிந்து குளித்து, தலையில் எண்ணெய் மினுங்க, ஊரே முன்கூட்டிப் பாய் விரித்து இடம் பிடிக்கும். கச்சான் கடலைத் தோல் மேல் கால் வைக்காமல் நடக்க முடியாது. படம் முடிந்து வெளியே வரும்போது இளவட்டங்களின் நடையே மாறியிருக்கும். சட்டைக் காலர் தூக்கியிருக்கும், நெஞ்சு அரை அடி முன்னே வந்திருக்கும். அய்யாவுவின் நெஞ்சு முக்கால் அடி.

அந்தப் படங்களில் படித்த பெண் என்றால் திமிர் பிடித்தவள். எட்டாவது ரீலில் அவளுக்கு ஓர் அறை விழும், ஒன்பதாவது ரீலில் காதல் பாட்டு வரும். அறைந்தால் அன்பு சுரக்கும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன? மண்டபம் நிறைய ஆட்கள் அதை நம்பினார்கள். கைதட்டியவர்களில் பாதிப்பேர் பெண்கள்.

எண்பத்து நான்காம் வருடத் தீபாவளிக்குக் தோட்டத்துக் கணக்கர், கிராணி கனகசபை ஒரு நாடகம் எழுதினார். கதாநாயகன் அய்யாவு. கதாநாயகி புஷ்பவள்ளி; அய்யாவு முறைப்பையன்தானே, பரிசமும் போட்டாகிவிட்டதே என்றுதான் வீட்டில் மேடையேற விட்டார்கள். கடைசிக் காட்சியில் அவள் ஏளனமாகப் பேச, அவன் கையை ஓங்க, திரைக்குப் பின்னால் சபாபதி தவிலில் ஒரு அடி அடிக்க, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பிறகு அவள் காலில் விழுந்து, "இப்பதான் நீங்க ஆம்பள" என்று சொல்ல வேண்டும். ஒத்திகையில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்த கூட்டாளிகள்தான் கத்தினார்கள்: "என்னடா அய்யாவு, ஈ ஓட்டுறியா?"

நாடகத்தன்று தவில் அடி விழுவதற்கு முன்னால் அவர் கை விழுந்தது. புஷ்பவள்ளி தடுமாறி எழுந்து, காதுக்குள் சங்கு ஊத, அந்த வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். விசில் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. கிராணி அய்யாவுவுக்கு மாலை போட்டார். சீழ் வடிந்த காதோடு குளுவாங் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபோது, "குளிக்கும்போது தண்ணி போயிருச்சு டாக்டர்" என்றார் புஷ்பவள்ளி. அய்யாவு பக்கத்தில்தான் நின்றார். மறு தையில் கல்யாணம்.

அதன் பிறகு அவர் யார் மேலும் கை ஓங்கவில்லை. சமைக்கக் கற்றார். மகள் லோஷினிக்குச் சடை பின்னினார். ஆனால் மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. அவர் பார்த்து வளர்ந்த எந்தக் கதாநாயகனும் அதைக் கேட்டுக் காட்டியதில்லை.

போன மாதம் தோட்டத்து மக்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த நாடகம் வந்து விழுந்தது. யாரோ பழைய வீடியோ நாடாவிலிருந்து அந்த அறையை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். கீழே எழுபது சிரிப்புப் பொம்மைகள். நடக்கவிருந்த தோட்டத்து ஒன்றுகூடலின் ஏற்பாட்டாளர் சந்திரமதி உடனே கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த அறை சீன் மேடையில கட்டாயம் வேணும். சபாபதி அண்ணன் தவிலோட வர்றாரு. மாட்டேன்னு சொல்லக்கூடாது லா!"

அடுத்த அழைப்பு சிங்கப்பூரில் வேலை செய்யும் லோஷினியிடமிருந்து. "அப்பா, அந்த வீடியோ... அம்மாவ நிஜமா அறைஞ்சீங்களா?"

"சேச்சே, நடிப்புதாம்மா."

அவருக்கு இடப்பக்கத்தில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த புஷ்பவள்ளியின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு, "ஒன்னுகூடலுக்குப் போலாம் மாமா" என்றார். அவ்வளவுதான்.

ஒன்றுகூடல் அன்று மத்தியானம் காஹாங் கோயில் மண்டபத்தில் இருநூறு பேர். ஆட்டுக்கறி வாசம், கட்டிப்பிடிப்பு, "அலமாக், இவ்ளோ வெள்ளை முடியா?" லோஷினி முதல் வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். புஷ்பவள்ளி மேடையில் பழைய ஏளன வசனத்தைப் பேசி முடித்தார். சபாபதி நேரம் தவறாமல் தவிலில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

அய்யாவுவின் கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

"அண்ணனுக்குக் கை தூக்க வரல! இன்சுலின் போட்டு அனுப்புங்கடா!" என்றது ஒரு குரல். சிரிப்பு மண்டபத்தைத் தூக்கியது.

அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "சபாபதி, அன்னைக்கு உன் அடி விழறதுக்கு முன்னாடியே என் கை விழுந்துருச்சு. நிஜமாத்தான் அறைஞ்சேன். இவளுக்கு ஒரு காது போனது அன்னைக்குத்தான். என் மககிட்டகூடப் பொய் சொன்னேன்."

பழக்கத்தில் ஒருவர் விசிலடித்து, பாதியில் நிறுத்தினார்.

புஷ்பவள்ளி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "நாப்பது வருசமா எல்லாரும் என்கிட்ட, 'அந்த சீன்ல என்னமா நடிச்ச'ன்னு சொல்றீங்க. நான் நடிக்கல." அதைக் கீழே வைத்தார். "சாப்பாடு ஆறுது, வாங்க."

லோஷினி தாயின் வலப்பக்கம் போய் நின்றுகொண்டாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

புறப்படும்போது காரருகே புஷ்பவள்ளி கையை நீட்டினார். "சாவி."

"முழங்கா வலிக்குதுன்னு..."

"இன்னைக்கு நான் ஓட்டுறேன் மாமா."

இருபுறமும் செம்பனை வரிசை ஓடியது. இடது இருக்கையில் உட்கார்ந்து பழகாத அய்யாவு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், உப்பு போதுமா என்று கேட்கும் குரலில் என்னவோ சொன்னார்.

"என்னது?" புஷ்பவள்ளியின் கண் சாலையில் இருந்தது.

மறுபடி சொன்னார்.

"கேக்கல மாமா. ஊருக்கே மைக்குல சொன்னீங்க. எனக்குச் சொல்றத மட்டும் ஏன் முணுமுணுக்கிறீங்க?"

பின்னிருக்கையிலிருந்து லோஷினியின் கை நீண்டு வானொலியை அணைத்தது. அய்யாவு ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். மேடையேறுவதற்கு முன் செய்வதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.